சிப்பி தின்ற பழுப்புப் புழு: தெலுக் பாஹாங்கிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பினாங்குத் தீவின் தெலுக் பாஹாங் கரையை அடுத்த மீன் கூண்டு ஒன்றில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், முதலாளி சோதனைக்காகத் தொங்கவிட்டிருந்த சிப்பிக் கூடைகளைத் தூக்கிப் பார்த்தபோது பல சிப்பிகள் காலியாக இருந்தன. நண்டு தின்றிருந்தால் ஓட்டின் விளிம்பு நொறுங்கியிருக்கும். துளைபோடும் நத்தை தின்றிருந்தால் வட்டமாக ஒரு துவாரம் தெரியும். இங்கே இரண்டும் இல்லை. ஓடு முழுசாக இருக்க, சதை மட்டும் போயிருந்தது. சில ஓடுகளுக்குள் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதாக, பழுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு இடுக்குக்குள் புகுந்துவிட்டது.

அவர் தன் மகளின் உயிரியல் டீச்சருக்குப் படம் அனுப்பினார். டீச்சர் அதை எனக்குத் தள்ளிவிட்டார். நான் விலங்கியல் படித்தவன் இல்லை. திசுவை மெழுகில் பதித்து, சீவி, சாயமேற்றி, ஸ்லைடு போடுவது என் தொழில். கடல் தட்டைப் புழுக்களை அடையாளம் காண்பதில் பாதி வேலை அதுதான் என்பதால் என்னையும் இழுத்துவிட்டார்கள்.

மறுவாரம் வாளி வந்தது. அதில் பழுப்புப் புழுக்களோடு, கேட்காமலே இன்னொன்றும் இருந்தது. கூண்டின் கயிற்றில் படர்ந்திருந்த கடற்பீச்சிகளின் மேல் கிடந்ததாம். விரல் நீளம், முதுகில் இளஞ்சிவப்பும் பழுப்புமாகக் குறுக்குப் பட்டைகள், ஒவ்வொரு பட்டைக்கும் கறுப்பு ஓரம், அந்தக் கறுப்பில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். வாளியை ஆட்டியதும் உடம்பின் இரண்டு ஓரங்களையும் அலையாக அடித்துக்கொண்டு நீந்தியது. மாணவர்கள் எல்லோரும் அதைத்தான் வீடியோ எடுத்தார்கள். பழுப்பை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. டீச்சர் கேட்ட கேள்வியும் வண்ணப் புழுவைப் பற்றித்தான்: “அண்ணே, இது புது இனமா இருந்தா நம்ம பள்ளிக்கூடப் பேரை வைக்கலாமா?”

வண்ணப் புழு

இதற்கு அதிக நேரம் ஆகவில்லை. முதலில் வழக்கமான சந்தேகத்தைத் தீர்த்தோம்: இது ஓடில்லாத கடல் நத்தையா, தட்டைப் புழுவா? கடல் நத்தைக்கு உடம்பில் கனம் உண்டு, தலையில் இரண்டு உணர்கொம்புகள் தனியாக முளைத்திருக்கும், பலவற்றுக்கு முதுகின் பின்பக்கம் செவுள்கள் பூப்போல விரிந்திருக்கும். தட்டைப் புழுவுக்குச் செவுளே கிடையாது. தோல் வழியாகவே மூச்சு. கொம்பு போலத் தெரிவது முன் விளிம்பு மடிந்து எழும்பிய மடிப்பு. வாய் அடிப்பக்கம். இந்தக் குழப்பம் மனிதருக்கு மட்டும் உரியதல்ல. சில தட்டைப் புழுக்கள் நச்சுள்ள கடல் நத்தைகளின் தோற்றத்தை அப்படியே போட்டுக்கொண்டு பிழைக்கின்றன. 1994-இல் விவரிக்கப்பட்ட சூடோசெரோஸ் இமிட்டேட்டஸ் என்ற தட்டைப் புழு, ஃபிலிடியெல்லா புஸ்டுலோசா என்ற நத்தையின் கொப்புளங்களைக்கூட விட்டுவைக்கவில்லை.

எங்கள் வாளியில் இருந்தது சூடோபைசெரோஸ் பெட்ஃபோர்டி. முக்குளிப்பவர்கள் பாரசீகக் கம்பளம் என்று செல்லமாக அழைப்பது இதைத்தான். 1903-இலேயே லெய்ட்லா என்ற விலங்கியலாளர் பெயர் வைத்துவிட்டார். புதுப்பெயர் ஆசை அங்கேயே முடிந்தது. டீச்சர் முகம் கொஞ்சம் வாடியது உண்மை.

ஆனால் இந்தப் பெயரை எழுதும் முறையில் மாணவர்களுக்குக் காட்ட ஒரு விஷயம் இருந்தது. முழுப் பெயரில் லெய்ட்லாவும் 1903-ம் அடைப்புக்குறிக்குள் நிற்கும். அது அலங்காரம் இல்லை. அவர் பெயர் வைத்தபோது இதைச் சூடோசெரோஸ் என்ற பேரினத்தில் வைத்தார். பிறகு வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டது என்பதை அந்தக் குறி சொல்கிறது. சூடோசெரோஸை உருவாக்கியவர் ஆர்னால்ட் லாங், 1884-இல், நேப்பிள்ஸ் வளைகுடாப் புழுக்களைப் பற்றிய தன் பெரிய நூலில். சரியாக நூறு வருடம் கழித்து, 1984-இல், ஃபாபெல் அதிலிருந்து சூடோபைசெரோஸைப் பிரித்தார். பிரித்ததன் அடிப்படை பளிச்சென்றது: முன்னதற்கு ஆண் இனப்பெருக்கத் துவாரம் ஒன்று, பின்னதற்கு இரண்டு. புழுவைக் கண்ணாடித் தட்டில் ஊர விட்டு, அடியிலிருந்து கைலென்ஸில் பார்த்தோம். வாய்க்குப் பின்னால் இரண்டு துவாரங்கள் பக்கத்தில் பக்கத்தில், அவற்றுக்குப் பின் பெண் துவாரம், அதற்கும் பின்னால் வட்டமான ஓர் ஒட்டுறுப்பு.

அந்த ஒட்டுறுப்பும் லாங் காலத்துச் சமாசாரம்தான். கடலில் சுதந்திரமாக வாழும் இந்தப் பாலிகிளாட் வரிசையை அவர் இரண்டாகப் பிரித்தார். பெண் துவாரத்துக்குப் பின்னால் ஒட்டுறுப்பு இருந்தால் கொட்டிலியா, இல்லாவிட்டால் அக்கொட்டிலியா. எண்ணூறுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் சேர்ந்துவிட்ட இன்றைக்கும் முதல் கேள்வி அதுவே. 2017-இல் வெளிவந்த மரபணு ஆய்வு சில குடும்பங்களை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றியது, ஆனால் இரண்டு பெரும்பிரிவுகளையும் கலைக்கவில்லை.

வண்ணப் புழுக்களுக்கு ஒரு சலுகை உண்டு. 1990-களில் நியூமனும் கேனனும் ஆஸ்திரேலியா, பாப்புவா நியூ கினி பவளப் பாறைகளில் பார்த்த ஏராளமான இனங்களை நிறத்தையும் கோலத்தையும் வைத்தே பிரித்துக் காட்டினார்கள். இந்தக் குடும்பத்தில் உள்ளுறுப்புகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், வெளிக் கோலத்துக்கு மதிப்பு அதிகம். அதனால்தான் படத்தைப் பார்த்தே பலருக்குப் பெயர் சொல்ல முடிகிறது. அந்தப் பழக்கத்தோடு பழுப்புப் புழுவிடம் போகக் கூடாது என்பதுதான் இந்த நிகழ்வை எழுதக் காரணம்.

பழுப்புப் புழு

ஒட்டுறுப்பு இல்லை, எனவே அக்கொட்டிலியா. அதற்கு மேல் நிறம் எதுவும் சொல்லாது. இந்தப் பிரிவில் பெரும்பாலானவை பழுப்பு, சாம்பல், மங்கல் வெள்ளை. கல்லுக்கு அடியில் கிடப்பவை, சிப்பிக்குள் கிடப்பவை, மரத்துண்டில் கிடப்பவை எல்லாம் படத்தில் ஒரே ஆள் போலத்தான் இருக்கும். ஒரே புழுகூட என்ன தின்றது என்பதைப் பொறுத்து நிறம் மாறும். கிளைகிளையான குடலில் இருக்கும் உணவு தோல் வழியே தெரிவதுதான் காரணம். ஆகவே இங்கே கண் பார்க்க வேண்டும். நம் கண் இல்லை, புழுவின் கண்.

இந்தப் புழுக்களுக்குக் கண்கள் கரும்புள்ளிகளாக, பத்துக்கணக்கில், சிலவற்றில் நூற்றுக்கணக்கில் இருக்கும். மூளையின் மேல் கொத்தாக இருக்கின்றனவா, கழுத்துப் பக்கத்து உணர்கொம்பில் இருக்கின்றனவா, உடம்பின் விளிம்பு நெடுகப் போகின்றனவா என்பதைப் பொறுத்துக் குடும்பம் மாறும். 1913-இல் சிக்ஸ்டென் பாக் இந்தக் கண் வரிசையை வைத்தே அக்கொட்டிலியாவைப் பிரித்தார்.

பார்ப்பதற்கு முன் புழுவை நிலைநிறுத்த வேண்டும். மனிதத் திசுவில் பழகிய எனக்கு இங்கேதான் தொழில் புதிதாக இருந்தது. குடல்வாலையோ கட்டியையோ ஃபார்மலினில் போட்டால் அது சும்மா கிடக்கும். தட்டைப் புழுவை அப்படிப் போட்டால் ஒரே நொடியில் சுருண்டு முடிச்சாகிவிடும், சளியைக் கக்கும், ஓரம் பிய்ந்துபோகும். வாளித் தண்ணீர் சூடாகிச் செத்துப்போனாலோ சில மணி நேரத்தில் கரைந்தே போய்விடும். நியூமனும் கேனனும் சொன்ன வழியைத்தான் பின்பற்றினோம்: ஃபார்மலினை முன்கூட்டியே உறைய வைத்துக்கொள்வது, புழுவை வடிதாள் துண்டின் மேல் தானாக ஊர்ந்து ஏறவிட்டு, அது முழுசாக விரிந்திருக்கும் நேரம் பார்த்து, தாளோடு சேர்த்து உறைந்த ஃபார்மலின் மேல் வைப்பது. குளிரில் சுருள நேரம் கிடைக்காமல் விரிந்தபடியே நின்றுவிடுகிறது. ஃபார்மலின் உருகி உள்ளே ஏறுகிறது. அதற்கு முன்பே வால் ஓரத்தில் ஒரு சிறு துண்டை வெட்டி எத்தனாலில் போட்டுவிட வேண்டும். ஃபார்மலின் பட்ட திசுவில் டிஎன்ஏ சிதைந்துவிடும்.

அப்புறம் முன்பாதியை மட்டும் வெட்டி, ஆல்கஹாலில் நீரை இறக்கி, கிராம்பு எண்ணெயில் ஊறப் போட்டோம். பினாங்குத் தீவில் கிராம்பு பயிரிட்ட கதை எல்லோருக்கும் தெரியும்; பாலிக் புலாவ் பக்கம் இன்னும் மரங்கள் இருக்கின்றன. அந்த எண்ணெய் திசுவைக் கண்ணாடியாக்கிவிடும். பழுப்பெல்லாம் விலகியதும் கண்கள் தெரிந்தன: கழுத்தில் இரண்டு சிறு கொம்புகளுக்குள் ஒரு கொத்து, மூளை மேல் தளர்வாகச் சிதறிய சில, அதோடு முன் விளிம்பில் தொடங்கி உடம்பின் ஓரமாக ஒரு பட்டையாக ஓடிய நுண்புள்ளிகள். விளிம்புக் கண்ணும் கழுத்துக் கொம்பும் சேர்ந்து இருந்தால் கை நேராக ஸ்டைலோகிடே குடும்பத்துக்குத்தான் போகும். சிப்பி தின்னும் புழுக்களில் பேர்போன குடும்பமும் இதுவே. சிப்பி வாயைத் திறக்கும் நேரம் நுழைந்து, மடிப்பு மடிப்பான தொண்டைக் குழாயை வெளியே நீட்டிச் சதையைக் கரைத்து உறிஞ்சிவிடும். ஓட்டில் காயம் இல்லாததற்கு அதுதான் விளக்கம்.

டீச்சர் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தார். குடும்பம் தெரிந்துவிட்டதே. ஆனால் கண் ஒரு சாட்சிதான். உள்ளே இருக்கும் ஆண் உறுப்பையும் விசாரிக்காமல் பேரினம் எழுத முடியாது. அதற்குப் புழுவை நெடுக்குவாட்டில், 7 மைக்ரோமீட்டர் தடிமனில், ஒன்றுவிடாமல் வரிசையாகச் சீவ வேண்டும். முதல் புழுவைச் சீவினேன். ரிப்பன் ரிப்பனாக ஸ்லைடில் ஏற்றி, ஹீமடாக்ஸிலினும் ஈயோசினும் போட்டுப் பார்த்தால், உறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் திசு. இன்னும் முதிராத புழு. “வயசுக்கு வந்த ஒண்ணு வேணும் டீச்சர்,” என்றேன். அவர் அந்தச் செய்தியை மாணவியின் அப்பாவுக்கு எப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கொஞ்ச காலம் கழித்துப் பெரிதாக ஒன்று வந்தது. சிப்பி ஓட்டின் உள்பக்கம் முட்டைகளைத் தட்டையாகப் பரப்பி, அதன்மேலேயே படுத்திருந்ததாம். அப்படியானால் முதிர்ந்தது. இந்தத் தடவை சீவியபோது உள்ளே இருந்தது தெளிவாக வந்தது. விந்துக் குழாய்கள் இரண்டும் வந்து சேரும் தசைப்பை ஒன்று. அதை ஒட்டி, ஆனால் தனியாக, சுரப்பி நிறைந்த இன்னொரு பை. ஈயோசின் அந்தச் சுரப்புத் துகள்களை நல்ல சிவப்பாகக் காட்டியது.

இந்த இரண்டாவது பையில்தான் ஃபாபெலின் முழு ஏற்பாடும் நிற்கிறது. 1983-இல் அவர் அக்கொட்டிலியாவை மூன்று பெருங்குடும்பங்களாகப் பிரித்தபோது கண்ணை ஒதுக்கிவிட்டு இந்தப் பையையே கேட்டார்: இருக்கிறதா, இருந்தால் எப்படி இணைந்திருக்கிறது? வீட்டுத் தண்ணீர்க் குழாயை வைத்துச் சொல்வதானால், தொட்டி குழாய்க்குப் பக்கத்தில் தனிக் கிளைக்குழாயோடு நின்றால் ஸ்டைலோகாய்டியா. குழாயின் பாதையிலேயே தொட்டி அமர்ந்து, எல்லாம் அதன் வழியாகவே போக வேண்டியிருந்தால் லெப்டோபிளானாய்டியா. தொட்டியே இல்லாவிட்டால் இலிபிளானாய்டியா. எங்கள் ஸ்லைடில் தொட்டி பக்கத்தில் நின்றது.

இரண்டு வருடம் கழித்து, 1985-இல், புரூடோ இன்னொரு முழு வகைப்பாட்டை வெளியிட்டார். அவர் கண்ணுக்கும் கொம்புக்கும் முதலிடம் கொடுக்கும் பழைய வழியைத் தொடர்ந்தார். ஒரே விலங்குக் கூட்டத்துக்கு அடுத்தடுத்து வந்த இந்த இரண்டு ஏற்பாடுகளும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. ஒரே புழு ஒருவர் புத்தகத்தில் ஒரு குடும்பத்திலும் மற்றவர் புத்தகத்தில் வேறு குடும்பத்திலும் இருக்கும். என் கருத்து கேட்டால், ஃபாபெலின் வழி சுத்தமானது, ஆனால் முதிராத புழுவிடம் அது ஊமையாகிவிடும். புரூடோவின் வழி களத்தில் உதவும், ஆனால் கண் என்பது தனித்தனிக் கிளைகளில் தனித்தனியாகத் தோன்றி மறையக்கூடியது. மரபணு ஆய்வுகளும் எந்த ஒருவருக்கும் முழுத் தீர்ப்பு கொடுத்துவிடவில்லை. எங்கள் அதிர்ஷ்டம், இந்தப் புழுவைப் பொறுத்தவரை இருவரும் ஒரே குடும்பத்தையே காட்டினார்கள்.

சிக்கல் அடுத்த படியில் இருந்தது. எஹ்ரன்பெர்க் 1831-இல் செங்கடல் புழுவுக்கு வைத்த ஸ்டைலோகஸ் என்ற பேரினத்தில் பின்னால் வந்தவர்கள் கண்டதையெல்லாம் போட்டு நிரப்பினார்கள். விந்துப் பையின் வடிவத்தை வைத்துச் சிலர் ஒரு பகுதியை இமோஜீன் என்று தனிப் பேரினமாக எடுத்தார்கள். சிலர் அந்தப் பிரிவை ஏற்பதில்லை. எங்களுடைய பை எந்தப் பக்கம் என்று ஒரே ஒரு புழுவின் சீவலை வைத்து அடித்துச் சொல்ல முடியவில்லை. பை சுருங்கியிருந்தால் ஒரு வடிவம், நிரம்பியிருந்தால் இன்னொரு வடிவம். எத்தனாலில் வைத்த வால் துண்டிலிருந்து, உறவுமுறையை ஒப்பிடப் பயன்படும் 28எஸ் மரபணுவை நண்பர் ஒருவர் படித்துக் கொடுத்தார். பொதுத் தரவுத்தளத்தில் தேடியபோது நெருங்கிய சொந்தக்காரர்கள் கிடைத்தார்கள். அதே ஆள் கிடைக்கவில்லை. இதில் வியப்பு ஒன்றும் இல்லை. நிறமுள்ளவற்றைத்தான் எல்லோரும் பிடிக்கிறார்கள், படிக்கிறார்கள்.

பழைய ஏடுகள்

தரவுத்தளத்தில் இல்லை என்றதும் “அப்போ புதுசுதானே அண்ணே” என்று மறுபடி அதே பேச்சு. தரவுத்தளத்தில் இல்லாதது பெயரில்லாதது ஆகிவிடாது. விலங்குப் பெயர்கள் 1758 ஜனவரி 1-இலிருந்து கணக்கில் வரும். நம் கடல்களைப் பொறுத்தவரை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பலர் வாரிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

லெய்ட்லாவிடமே திரும்ப வேண்டியிருந்தது. அவர் 1899–1900-இல் ஸ்கீட் தலைமையில் மலாய்த் தீபகற்பத்துக்கு வந்த கேம்பிரிட்ஜ் குழுவில் ஒருவர். அந்தப் பயணத்தில் மலாக்கா நீரிணையில் சேர்த்த பாலிகிளாட் புழுக்களைப் பற்றி 1903-இல் தனிக் கட்டுரையே எழுதினார். அதாவது நமக்கு முன்னால் ஓடும் கடலிலிருந்து எடுத்தவை. எங்கள் புழு அதில் இருக்கும் எதனோடாவது பொருந்துகிறதா என்று பார்க்காமல் புதுப்பெயர் வைத்தால், நாளைக்கு ஒருவர் இரண்டும் ஒன்றே என்று காட்டுவார். முந்தைய பெயர் நிற்கும், நம்முடையது விழும்.

அதற்கும் முன்னால் இலங்கை. ஷ்மார்டா 1859-இல் இலங்கைப் புழுக்கள் சிலவற்றை வெளியிட்டார். கெலார்ட் என்ற இலங்கையில் பிறந்த மருத்துவர் திருகோணமலையில் கடல் உயிர்களைச் சேர்த்து, 1860-இல் இறந்துபோனார். அவர் சேர்த்தவற்றையும் தான் கிழக்குக் கடல்களில் சேர்த்தவற்றையும் ஒன்றாக்கி, கோலிங்வுட் 1876-இல் முப்பத்தொரு கடல் பிளனேரியாக்களை, அதாவது தட்டைப் புழுக்களை, விவரித்தார். வண்ணப் புழுக்களுக்கு அந்த விவரணை இன்றும் உதவுகிறது; அதில் உள்ள ஒரு கறுப்புப் புழு சூடோபைசெரோஸ் ஹான்காக்கானஸ் என்ற பெயரில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் “பழுப்பு, நீள்வட்டம், கண்கள் சிறியவை” என்கிற ரீதியில் எழுதப்பட்ட மங்கல் புழுக்களை என்ன செய்வது? உள்ளுறுப்பைச் சீவிப் பார்க்கும் வழக்கம் பரவாத காலம் அது. மூல மாதிரி எங்காவது ஒரு கண்ணாடிக் குப்பியில் இருந்தால் எடுத்துப் பார்க்கலாம். இல்லாவிட்டால் அந்தப் பெயர் எந்தப் புழுவுடையது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஐயத்துக்குரிய பெயர் என்ற பட்டியலில் அது தொங்கிக்கொண்டிருக்கும்.

பெயர் வைக்கலாமா?

வைக்கலாம், விலங்குப் பெயரிடலுக்கான அனைத்துலக விதி தடுக்கவில்லை. பள்ளி இருக்கும் இடத்தின் பெயரை வைத்து, பின்னால் லத்தீன் விகுதி சேர்க்கலாம். ஆளைப் பெருமைப்படுத்துவதானால் ஆணுக்கு ஒரு விகுதி, பெண்ணுக்கு ஒரு விகுதி. தமிழ்ச் சொல்லையே ரோமன் எழுத்தில் வைக்கவும் தடையில்லை. தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வதைக்கூட விதி தடுப்பதில்லை, நாகரிகம்தான் தடுக்கிறது.

ஆனால் விதி கேட்பவை வேறு. பெயர் முறையான வெளியீட்டில் வர வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்துக்குக் கீழே எழுதிய பெயர் பெயரே அல்ல. 2012 திருத்தத்துக்குப் பின் மின்னிதழில் வந்தாலும் செல்லும், ஆனால் சூபேங்க் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். புதிது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், மற்றவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று எழுத வேண்டும், 1999-க்குப் பிறகு வரும் பெயர்களுக்கு அந்தப் பெயரைத் தாங்கும் மூல மாதிரியை (ஒன்றானால் ஹோலோடைப், பலவானால் சின்டைப்) குறிப்பிட்டே ஆக வேண்டும். சீவிய ஸ்லைடு வரிசையே ஹோலோடைப்பாக இருக்கலாம். தட்டைப் புழுக்களில் அது சாதாரணம். வெளிநாட்டு நிபுணருக்கு மாதிரி அனுப்புவதானால் மலேசியாவின் 2017-ஆம் ஆண்டு உயிரியல் வளச் சட்டத்தையும் பார்க்க வேண்டும்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு முதிர்ந்த புழு. வேறுபாடு எது, தனிப் புழுவின் விசித்திரம் எது என்று பிரித்துச் சொல்ல ஒன்று போதாது. டீச்சரிடம் அதைச் சொன்னபோது அவர் சட்டென்று ஏற்கவில்லை. “பிள்ளைங்க ஏமாந்துடுவாங்க அண்ணே.” மாணவி ஒருத்திதான் குறுக்கே வந்து, “டீச்சர், பேரு வச்சிட்டு அப்புறம் எடுத்துட்டாங்கன்னா அதைவிட அசிங்கம்,” என்றாள். விவாதம் அதோடு முடிந்தது.

பேழையில் ஒட்டிய சீட்டில் இப்படி எழுதினோம்: ஸ்டைலோகிடே குடும்பம், ஸ்டைலோகஸ் அல்லது இமோஜீன், சிற்றினம் தீர்மானிக்கப்படவில்லை, தெலுக் பாஹாங், தொங்கு கூடைச் சிப்பிக்குள், சேகரித்த தேதி, ஆழம், நீரின் உப்பளவு. உயிரோடு இருந்தபோது எடுத்த மேல்பக்க, கீழ்ப்பக்கப் படங்களின் எண்கள். வால் துண்டு எந்தக் குப்பியில், முன்பாதி எதில், ஸ்லைடுகள் எந்தப் பெட்டியில் என்பதும். எதிர்காலத்தில் இதைக் கையில் எடுப்பவருக்குச் சிற்றினப் பெயரைவிட அந்தத் தகவல்கள்தான் வேலைக்கு ஆகும். பெட்ஃபோர்டியின் சீட்டில் பெயர் முழுசாக இருக்கிறது, அடைப்புக்குறியோடு.

சிப்பி வளர்ப்பவருக்குச் சிற்றினம் தெரிய வேண்டிய அவசரம் இல்லை. குடும்பம் தெரிந்ததே போதுமாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் சிப்பி தின்னும் இமோஜீன் மெக்கிராத்தி என்ற உறவுக்காரப் புழு எவ்வளவு உப்புக் குறைவைத் தாங்கும் என்று சோதித்திருக்கிறார்கள். சிப்பி ஓட்டை இறுக மூடிக்கொண்டு நன்னீரைச் சமாளித்துவிடும், புழுவுக்கு மூடிக்கொள்ள ஓடு இல்லை. கூடைகளைக் கொஞ்ச நேரம் நன்னீர்த் தொட்டியில் முக்கி எடுக்க ஆரம்பித்தார்கள். அண்ணனிடம் ஒரு வேண்டுகோள் மட்டும் வைத்திருக்கிறோம்: முட்டை மேல் படுத்திருக்கும் பெரிய புழு கிடைத்தால், நன்னீரில் முக்குவதற்கு முன் அந்த ஓட்டைத் தனியாகக் கடல்நீர் வாளியில் எடுத்துவைத்து டீச்சருக்குப் போன் போட வேண்டும். ஃபார்மலின் உறைபெட்டியில் தயாராக இருக்கிறது.